பென்னை போமட் அடிக்க முதல் இதை ஒருக்கா வாசிங்க



தவணைப் பரீட்சை நெருங்கினால் எங்கள் பாடசாலைக் கணினி அறைக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள். ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர்கள், மத்ரசாவில் ஓதிக் கொடுக்கிற உஸ்தாத்மார், சில நேரம் பக்கத்துப் பாடசாலை அதிபர். எல்லோர் கையிலும் ஒரு பென். எல்லோரும் சொல்வதும் ஒன்றுதான்: "சேர், உள்ளுக்குள்ள இருந்ததெல்லாம் ஷோர்ட்கட்டா மாறிட்டு. கடையில போமட் அடிக்கச் சொல்றாங்க."

கணினி அறையைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மூன்று பேர். மூவரும் கல்வியியற் கல்லூரியில் படித்து வந்தவர்கள். இந்த வாரம் மட்டும் வட்ஸ்அப்பில் ஒரே பதிலைப் பலருக்கும் தட்டி அனுப்பிக் கை வலித்துவிட்டது. அதனால் ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பென் வைத்திருக்கிற ஆட்களுக்கு அனுப்பி விடுங்கள்.

முதலில் சொல்ல வேண்டியது: போமட் அடிக்காதீர்கள். நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டோம், ஆனால் ஷோர்ட்கட் வைரஸ் பிடித்த பென்னில் உங்கள் கோப்புகள் அநேகமாக அப்படியே இருக்கும். அவை அழியவில்லை, மறைந்திருக்கின்றன. இதைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கணினியில் பென்னின் படத்தில் வலது கிளிக் செய்து புரொப்பர்டீஸ் போங்கள். எவ்வளவு இடம் பாவிக்கப்பட்டிருக்கிறது என்று வட்டப் படத்தில் காட்டும். பென்னைத் திறந்தால் நாலைந்து ஷோர்ட்கட் மட்டும் தெரிகிறது, ஆனால் 8 ஜிபி பென்னில் 5 ஜிபி நிரம்பியிருக்கிறது என்று காட்டினால், அந்த 5 ஜிபியும் உங்கள் சாமான்தான். ஷோர்ட்கட் ஒன்று சில கிலோபைட்டுக்கு மேல் வராது.

இப்படி ஒரு பென் போன வருடம் எங்களிடம் வந்தது. கொண்டு வந்தது பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. வாப்பா கட்டாரில் வேலைக்குப் போய் அங்கேயே மௌத்தானவர். அவர் அனுப்பிய வொய்ஸ்களையும் போட்டோக்களையும் பழைய போன் உடைய முதல் யாரோ புண்ணியவான் ஒரு பென்னில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தப் பென்னை உம்மா ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறா, ஒரு போட்டோ பிரின்ட் எடுக்க. திரும்பி வந்தது நாலு ஷோர்ட்கட்டோடு. இரண்டாவது கடைக்குப் போக, "எல்லாம் போயிட்டு ராத்தா, போமட் அடிச்சா பென்னையாவது பாவிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, "மகளுக்கிட்ட கேட்டுட்டு வாறன்" என்று அந்த ராத்தா பென்னை வாங்கி வந்துவிட்டா.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழே சொல்லப் போகிற ஒரு வரிக் கட்டளைதான். அரை நிமிடத்தில் கோப்புறை தெரிந்தது. பிள்ளை ஒரு வொய்ஸைத் தட்டிக் கேட்டாள், உம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் வந்தது, உடனே நிறுத்திவிட்டாள். நாங்களும் வெளியே போய் நின்றோம். போமட் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த வீட்டில் அந்த மனிதரின் குரல் வேறு எங்கும் இல்லை.

சரி, இந்த ஷோர்ட்கட் வைரஸ் என்னதான் செய்கிறது?

விண்டோஸில் ஒவ்வொரு கோப்புக்கும் சில அடையாளங்கள் வைக்கலாம். "மறைக்கப்பட்டது" என்பது ஒன்று. "இது கணினியின் சொந்தக் கோப்பு" என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்த கோப்பை விண்டோஸ் சாதாரணமாகக் கண்ணில் காட்டாது. கை வைத்தால் கணினி பழுதாகிவிடும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. வைரஸ் அந்த நல்ல எண்ணத்தைப் பாவிக்கிறது. உங்கள் கோப்புறைகளுக்கு இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்துவிட்டு, அதே பெயரில் அதே படத்தோடு ஷோர்ட்கட் ஒன்றைச் செய்து வைக்கிறது. நீங்கள் "தரம் 9 வினாத்தாள்" என்று நினைத்து அதைத் தட்டுகிறீர்கள். ஷோர்ட்கட் இரண்டு வேலை செய்கிறது: முதலில் பென்னில் ஒளிந்திருக்கிற வைரஸை ஓட்டுகிறது, பிறகு உங்கள் உண்மையான கோப்புறையைத் திறந்தும் காட்டுகிறது. கோப்புறை திறந்ததால் உங்களுக்குச் சந்தேகம் வராது. ஆனால் அந்தக் கணினி அதோடு முடிந்தது. இனி அதில் குத்துகிற ஒவ்வொரு பென்னுக்கும் இதே கதிதான்.

நம்ப முடியாவிட்டால் அந்த ஷோர்ட்கட்டைத் தட்டாமல், வலது கிளிக், புரொப்பர்டீஸ், அதில் டார்கெட் என்ற பெட்டியை வாசித்துப் பாருங்கள். ஒழுங்கான ஷோர்ட்கட் என்றால் ஒரு கோப்பின் முகவரி மட்டும் இருக்கும். வைரஸ் என்றால் நீளமாக, சிஎம்டி என்றும் ஸ்டார்ட் என்றும் தொடங்கி, முடிவில் விபிஎஸ் என்றோ வேறு புரியாத பெயரோ கிடக்கும். அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு தேவைப்படும்.

இன்னொரு வகை உண்டு. அது உங்கள் கோப்புகள் அத்தனையையும் பெயரே இல்லாத ஒரு கோப்புறைக்குள் தள்ளிவிட்டு, வெளியே பென்னின் பெயரில் ஒரே ஒரு ஷோர்ட்கட்டை வைக்கும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெயரில்லாத கோப்புறையைக் கண்டதும் "இதுதான் வைரஸ்" என்று அதை அழித்துவிடுகிறார்கள். உங்கள் சாமான் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. அதை அழிக்க வேண்டாம்.

இப்போது சுத்தம் செய்கிற ஒழுங்கு. இந்த ஒழுங்கு முக்கியம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் யூடியூப் பார்த்து எல்லாம் சரியாகச் செய்திருப்பார்கள், ஆனால் தலைகீழாகச் செய்திருப்பார்கள். பென்னை முதலில் சுத்தம் செய்து, கழற்றி, திரும்பக் குத்தினால் ஷோர்ட்கட் மறுபடி வந்து நிற்கும். காரணம், வைரஸ் கணினியில் உயிரோடு இருக்கிறது. வீட்டில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போது தரையைத் துடைக்கிற மாதிரி. முதலில் கணினி, பிறகு பென்.

பென்னைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் டபிள்யூஸ்கிரிப்ட் என்ற பெயர் ஓடுகிறதா பாருங்கள். விண்டோஸின் சொந்த நிரல்தான் அது, விபிஎஸ் வகை வைரஸ்கள் அதன் தோளில் ஏறித்தான் ஓடுகின்றன. வீட்டுக் கணினியில், பாடசாலைக் கணினியில் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கக் காரணம் இல்லை. அதை நிறுத்துங்கள். பிறகு ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், கணினி திறக்கும்போது தானாக ஓடுகிறவற்றில் தெரியாத பெயர் இருந்தால் டிசேபிள் செய்யுங்கள். தாளில் எழுதிய பெயர் இருக்கிறதே, அதைக் கணினியில் தேடி அழியுங்கள். அநேகமாக டெம்ப் அல்லது அப்டேட்டா என்ற கோப்புறைக்குள் இருக்கும். அதன் பிறகு விண்டோஸோடு வருகிற டிபென்டரைப் புதுப்பித்து முழு ஸ்கேன் விடுங்கள். அதிலே ஓப்லைன் ஸ்கேன் என்று ஒன்றும் உண்டு. கணினியை மூடித் திறந்து, விண்டோஸ் முழுதாக எழும்ப முதல் தேடும். சுமார் கால் மணித்தியாலம் எடுக்கும். அடங்காத வைரஸுக்கு அதுதான் சரி. விண்டோஸ் 8 தொடங்கி டிபென்டர் கூடவே வருகிறது, காசு கொடுத்து வேறு வாங்க வேண்டிய அவசியம் ஒரு ஆசிரியருக்கு இல்லை என்பது எங்கள் எண்ணம். கிரேக் போட்ட அன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். கள்ளனைக் காவலுக்கு வைக்கிற வேலை அது.

இனிப் பென். ஷிப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு குத்துங்கள், தானாக எதுவும் திறக்காது. மைகொம்பியூட்டரில் பென்னுக்கு என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று பாருங்கள், எப் என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிபென்டரால் அந்தப் பென்னை ஸ்கேன் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தட்டிக் கறுப்புத் திரையைத் திறந்து, எப் எழுத்தும் முக்காற்புள்ளியும் போட்டு என்டர் அடியுங்கள். இப்போது அட்ரிப் கட்டளை. ஆங்கிலத்தில் ஏ, டி, டி, ஆர், ஐ, பி. ஒரு இடைவெளி. கழித்தல் அடையாளத்தோடு ஒட்டி எஸ், இடைவெளி, கழித்தலோடு எச், இடைவெளி, கழித்தலோடு ஆர், இடைவெளி, நட்சத்திர அடையாளம், இடைவெளி, சாய்கோட்டோடு எஸ், இடைவெளி, சாய்கோட்டோடு டி. என்டர். அவ்வளவுதான். பேஸ்புக்கில் எழுதினால் குழப்பமாக இருக்கும், கணினி அறைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டளை வைரஸைக் கொல்லாது. மறைத்த அடையாளங்களை மட்டும் எடுத்துவிடும். உங்கள் கோப்புறைகளும் தெரியும், ஒளிந்திருந்த வைரஸும் தெரியும். உங்களுடையதை மட்டும் சுத்தமான கணினிக்குக் கொப்பி எடுத்து, கொப்பி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு வேண்டுமானால் பென்னை போமட் அடியுங்கள். போமட்டுக்கு இடம் கடைசியில்தான்.

சிஎம்டி என்றாலே பயப்படுகிற ஆட்களுக்கு ஒரு குறுக்கு வழி: போன். ஓடிஜி என்று ஒரு சின்ன வயர் கடைகளில் விற்கிறார்கள். அதைப் போட்டுப் பென்னை அன்ட்ரொய்ட் போனில் குத்துங்கள். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் போனில் ஓடாது. விண்டோஸ் வைத்த "மறைக்கப்பட்டது" அடையாளத்தையும் போன் கணக்கெடுப்பதில்லை. ஆகவே பென்னில் இருப்பதெல்லாம் அப்படியே தெரியும். உங்கள் வேர்ட், பிடிஎப், போட்டோக்களை மட்டும் போனுக்கு எடுத்துவிடலாம். ஆசிரியர் அறையில் இதைச் செய்து காட்டியபோது, இருபத்தைந்து வருட சேவையில் உள்ள எங்கள் மூத்த டீச்சர் ஒருவர் "இவ்வளவுதானா, இதுக்கா நான் மூணு தரம் காசு கொடுத்தேன்" என்று கேட்டா. சில பென்கள் போனில் தெரியாமல் போகலாம். என்டிஎப்எஸ் முறையில் போமட் அடித்தவற்றைப் பல போன்கள் வாசிப்பதில்லை.

"எங்கட வீட்டுக் கொம்பியூட்டருக்கு இன்டர்நெட்டே இல்லை, வைரஸ் எப்படி வரும்?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வைரஸ் இன்டர்நெட்டுக்கு முதலே ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் எழுதிய பிரெயின் என்ற வைரஸ் புளொப்பி டிஸ்க்கில் கைக்குக் கை போய் உலகம் சுற்றியது. தங்கள் மருத்துவ மென்பொருளைக் களவாகக் கொப்பி எடுப்பவர்களைப் பிடிக்கத்தான் எழுதினோம் என்றார்கள். தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும்கூட வைரஸுக்குள் எழுதி வைத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் அப்படி நேர்மையான வைரஸ் கிடைக்காது.

2000ஆம் ஆண்டளவில் பென் கடைக்கு வந்தது, அப்போது 8 எம்பிதான் கொள்ளளவு. விண்டோஸில் ஓட்டோரன் என்று ஒரு வசதி இருந்தது, குத்தினவுடன் தானாக ஓடும். சீடிக்கு என்று செய்ததைப் பென்னில் வைரஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2008 நவம்பரில் வந்த கொன்பிக்கர் அந்த வழியாலும் பரவியது. அதே 2008இல் மத்திய கிழக்கில் ஒரு அமெரிக்க இராணுவ லெப்டொப்பில் யாரோ குத்திய ஒரு பென்னால் அவர்களுடைய இரகசிய வலையமைப்புக்குள்ளேயே வைரஸ் நுழைந்து, கொஞ்சக் காலம் இராணுவத்தில் பென்னையே தடை செய்தார்கள். 2010இல் வெளியே தெரிய வந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்தது. அதுவும் பென்னில் பரவுவதற்கென்றே எழுதப்பட்டது. இன்டர்நெட் இல்லாத இடம் என்று பாதுகாப்பாக வைத்த இடங்கள் இவை. நம் வீட்டு மேசை எம்மாத்திரம்?

2011இல் மைக்ரோசொப்ட் பழைய விண்டோஸ்களிலும் பென்னுக்கு ஓட்டோரனை நிறுத்தியது. அதற்குப் பிறகு வைரஸுக்கு ஒரு மனிதனின் விரல் தேவைப்பட்டது. ஷோர்ட்கட் வைரஸ் பெருகியதன் காரணம் அதுதான். குத்தினால் ஓடாது, ஆகவே நம்மைத் தட்ட வைக்கிறது.

நம் ஊரில் ஒரு பென் ஒரு வாரத்தில் எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் பிள்ளைகளோடு இருந்து கரும்பலகையில் வரைந்து பார்த்தோம். டீச்சரின் வீட்டு லெப்டொப், வினாத்தாள் ரிசோ அடிக்கிற கடை, பாடசாலை அலுவலகம், வலயக் கல்விப் பணிமனை, திரும்பவும் வீடு, மகனின் டியூசன் நோட்ஸ் எடுக்க இன்னொரு வீடு. ஒரே பென், ஐந்து கணினி. நடுவில் இருக்கிற கடைக் கணினி ஒன்றுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை பென் வரும்! கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, யாராவது கொண்டு வந்து கொடுத்ததைத்தான் அவரும் கொடுக்கிறார். ஆனால் கடைக்கென்று தனிப் பென் ஒன்று வையுங்கள். பிரின்ட் எடுக்க வேண்டியதை மட்டும் பிடிஎப் ஆக்கி அதில் போடுங்கள். மற்றதெல்லாம் வீட்டுப் பென்னில். இதைவிட நல்லது, கமராவில் போடுகிற பெரிய எஸ்டி சிப். அதன் பக்கத்தில் பூட்டு என்று ஒரு சின்னத் தள்ளு பொத்தான் இருக்கும். பூட்டுப் பக்கம் தள்ளிவிட்டுக் கொடுத்தால் பெரும்பாலான கார்ட் ரீடர்களில் வாசிக்கலாம், எழுத முடியாது. வைரஸும் எழுத முடியாது. பாதுகாப்பான ஆள் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் கடைக்குக் கையை வீசிக்கொண்டு போவார்.

இனி, வைரஸை விடப் பெரிய ஒரு விடயம். இதைப் பெண் பிள்ளைகள்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். பென்னைப் பழுது பார்க்கக் கொடுக்கும்போது அதில் என்னென்ன இருக்கிறது? வீட்டுக் கல்யாணப் போட்டோ, உம்மாவின் அடையாள அட்டைப் பிரதி, வங்கிப் புத்தகம், சகோதரியின் மருத்துவ அறிக்கை. அதை அப்படியே ஒரு மேசையில் வைத்துவிட்டு "நாளைக்கு வாறன்" என்று போகிறோம். கொப்பி எடுக்க இரண்டு நிமிடம் போதும், எடுத்த தடயமும் இருக்காது. போமட் அடித்துத்தான் கொடுத்தோம் என்றாலும் நிம்மதி இல்லை. சாதாரண போமட் கோப்பை அழிப்பதில்லை, பெயர்ப் பட்டியலை மட்டும்தான் அழிக்கிறது. போட்டோரெக், ரெகுவா மாதிரி இலவச மென்பொருள்களால் பலதைத் திரும்ப எடுக்கலாம். கைதவறி போமட் அடித்தவர்களுக்கு இது நல்ல செய்தி, ஆனால் மேலே புதிதாக எதையும் எழுதாமல் உடனே கொண்டு வர வேண்டும். பழைய பென்னை யாருக்கும் கொடுக்கிறவர்களுக்கு இதுவே கெட்ட செய்தி.

அதனால் கணினி அறையில் நாங்கள் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். பென் ஒரு அமானிதம். உரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கை வைக்க மாட்டோம். கோப்பின் பெயரைப் பார்ப்போம், திறப்பது உரியவர். பெண்களின் பென்னை டீச்சர் பார்ப்பா, இல்லை என்றால் அவர்களே பார்க்க நாங்கள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுப்போம். யாருடைய பென்னையும் இரவுக்கு வைத்திருப்பதில்லை. "என்ன சேர் எங்களை நம்ப மாட்டீங்களா" என்று ஒரு நானா சிரித்துக்கொண்டு கேட்டார். நீங்கள் எங்களை நம்பத் தேவையில்லாத மாதிரி வைத்திருக்கிறோம் என்றோம்.

வைரஸ் என்று வருகிற எல்லாம் வைரஸ் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தையில் 1 டிபி, 2 டிபி என்று மலிந்த விலைக்கு விற்கிற பென்கள் வருகின்றன. உள்ளே இருப்பது 16 ஜிபியோ 32 ஜிபியோதான், கணினிக்குப் பொய் சொல்லும்படி செய்து வைத்திருக்கிறார்கள். நிரம்பும் வரை நன்றாக வேலை செய்யும், அதற்குப் பிறகு போடுவது பெயர் மட்டும் தெரியும், திறக்காது. அட்ரிப் எதுவும் அதற்கு உதவாது. போட்டோ ஒன்றும் அதில் இல்லை. இப்படி ஒரு பென்னில் மகளின் கல்யாண வீடியோவை வைத்திருந்த ஒருவருக்குச் சொல்ல வார்த்தை வராமல் நாங்கள் மூவரும் ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுப் பென் வாங்கினால் முதலில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுதாக நிரப்பிச் சோதியுங்கள்.

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் புதிதாக நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு, காசு கேட்டு ஒரு கடிதமும் கிடந்தால் அது வேறு சாதி, ரென்சம்வெயார். கோப்புகளையே பூட்டிவிடும். கிரேக் மென்பொருள் இறக்குகிற இடங்களில்தான் நம்மவர்களுக்கு இது அதிகம் தொற்றுகிறது. அதை எங்களால் திறக்க முடியாது, திறந்து தருகிறேன் என்று பணம் கேட்கிற ஆளையும் நம்ப வேண்டாம். கணினியை இன்டர்நெட்டிலிருந்து கழற்றி, பூட்டிய கோப்புகளை அழிக்காமல் ஒரு பக்கம் வையுங்கள். சில வகைகளுக்குப் பின்னாளில் இலவசச் சாவி வெளிவந்திருக்கிறது.

வீட்டில் விண்டோஸ் 7 வைத்திருக்கிறவர்களுக்கு 2020 ஜனவரி 14ஓடும், விண்டோஸ் 10 வைத்திருக்கிறவர்களுக்கு 2025 ஒக்டோபர் 14ஓடும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதுக் கணினி வாங்குங்கள் என்று சொல்ல இந்த விலைவாசியில் எங்களுக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கணினிகளில் பென்னைக் குத்தும்போது இரட்டிப்புக் கவனம். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளை ஒரே ஒரு பென்னில் மட்டும் வைத்திருக்கிற ஆசிரியர்கள் இன்றைக்கே இன்னோர் இடத்தில் ஒரு கொப்பி போடுங்கள். பிள்ளைகளின் ஒரு வருட உழைப்பு அது.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு மஃரிப் வரை கணினி அறை திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். காசு இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் செய்வார்கள், நாங்கள் பின்னால் நிற்போம். வருகிறவர்கள் கோப்புகளைக் கொப்பி எடுக்க வெறும் பென் ஒன்றையும் கொண்டு வாருங்கள், இரண்டிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். போன முறை ஒரே நிறத்தில் ஆறு பென் வந்து, எது யாருடையது என்று பிரித்துக் கொடுக்கவே மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது.